புற்றுநோயில் பிழைப்பவர் யார்? பழக்கம், சிகிச்சை, சாதி

புற்றுநோயால் ஒருவர் இறந்ததும் சுற்றத்தார் முதலில் தேடுவது காரணத்தை. "ஓயாமல் வெற்றிலையும் புகையிலையும் போட்டார்", "குடியை விடச் சொன்னோம், கேட்கவில்லை", "உடம்பைப் பேணவில்லை" என்று பேச்சு ஓடும். இன்னொரு பக்கம், "இந்த நோய் வந்துவிட்டால் யார்தான் பிழைக்கிறார்கள்" என்ற பெருமூச்சு எழும். முதல் பேச்சு இறந்தவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது, எல்லாவற்றையும் விதியின் தலையில் சுமத்துகிறது. மருத்துவமனை, கூலி, பேருந்து, காப்பீட்டு அட்டை, சாதி ஆகிய எதற்கும் இவ்விரு பேச்சுகளிலும் இடமில்லை.

ராசிபுரம் போன்ற வட்டாரத்தில் இதை ஆராயாமல் விட முடியாது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி அது. 2008 மறுசீரமைப்புக்கு முன்பு அதே பெயரில் இருந்த மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதியே. ஜவ்வரிசி ஆலை, மரவள்ளிக் காடு, தறி, பேரூராட்சி மற்றும் நகராட்சித் தூய்மைப் பணி என்று அன்றாடக் கூலியில் வாழும் அருந்ததியர், பறையர் குடும்பங்கள் நிறைந்த சமவெளி அது. இம்மக்களில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் அவர் பிழைப்பதைத் தீர்மானிப்பது எது? அவருடைய பழக்கமா, அவருக்குக் கிடைக்கும் சிகிச்சையா? மருத்துவ ஆய்வுகள் இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகின்றன. பழக்கம் முக்கியம். ஆனால் நோய் வந்தபின் உயிரைக் காப்பதில் முதலிடம் வகிப்பவை இரண்டு: எந்தக் கட்டத்தில் நோய் கண்டறியப்பட்டது என்பதும், தொடங்கிய சிகிச்சை முழுமையாக முடிக்கப்பட்டதா என்பதும்.

ஒரே நோய், வேறு வேறு முடிவு

மருத்துவர்கள் புற்றுநோயின் முடிவை அளக்கப் பொதுவாக ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதத்தைப் பயன்படுத்துகின்றனர். நோய் உறுதிசெய்யப்பட்ட நூறு பேரில் ஐந்தாண்டுகள் கழித்து எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்பதே அது. 2018இல் 'லான்செட்' இதழில் வெளியான பன்னாட்டு ஒப்பீட்டின்படி, 2010 முதல் 2014 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு அமெரிக்காவில் ஏறத்தாழ 90 விழுக்காடு. இந்தியாவில் ஏறத்தாழ 66 விழுக்காடு. இந்தியப் பெண்கள் அமெரிக்கப் பெண்களைவிட மோசமான பழக்கங்கள் உடையவர்கள் என்று இதற்கு எவரும் விளக்கம் தர முடியாது. அங்கே கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறியப்படுகிறது. இங்கே பெரும்பாலும் பரவிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறது.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, உறுப்பை விட்டுப் பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டறியப்பட்டால் பத்தில் இருவர் கடப்பதே அரிது. உடலும் நோயும் ஒன்றாக இருக்க, கண்டறியப்பட்ட காலம் முடிவை மாற்றிவிடுகிறது.

திண்டுக்கல் கிராமங்கள் காட்டிய வழி

இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நாமக்கல்லுக்குத் தெற்கே, கரூரைக் கடந்தால் திண்டுக்கல் மாவட்டம். அங்குள்ள கிராமங்களில் 2000ஆம் ஆண்டு ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவ மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் அதில் பங்கேற்றன. மாவட்டத்தின் 114 பகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு ஒரே ஒருமுறை கருப்பைவாய்ப் பரிசோதனை அளிக்கப்பட்டது. மறு பாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது.

பரிசோதனை மிக எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவினால், மாற்றமடைந்த திசு சிறிது நேரத்தில் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்தனர். விலையுயர்ந்த கருவியோ ஆய்வகமோ தேவைப்படவில்லை. தகுதியுடைய 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தனர். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை அளிக்கப்பட்ட பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் ஏற்பட்ட மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒருமுறை செய்த, சில நிமிடங்களே பிடிக்கும் பரிசோதனையின் பலன் இது.

அந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு எண் உண்டு. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பெண்களில் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றனர். வீட்டருகே வந்து பரிசோதித்த ஒரு திட்டத்திலேயே நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் சிகிச்சை வரை வந்து சேரவில்லை. கண்டறிவதற்கும் குணப்படுத்துவதற்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியில்தான் ஏழையின் உயிர் நழுவுகிறது.

இந்த ஆய்வின் நிழலையும் மறைக்கக்கூடாது. திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆகிய மூன்று இடங்களில் நடந்த இத்தகைய ஆய்வுகளில், பரிசோதனை அளிக்கப்படாத பகுதிகளைச் சேர்ந்த 254 பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தனர் என்பதைப் பின்னாளில் விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர். அக்காலத்தில் அப்பகுதிகளில் எவ்விதப் பரிசோதனையும் வழக்கத்தில் இல்லை. வழக்கத்தில் இருந்ததையே அப்பெண்களுக்கு அளித்தோம் என்பது ஆய்வாளர்களின் பதில். அந்த பதிலே ஒரு குற்றப்பத்திரிகை: ஏழைப் பெண்ணுக்கு எதுவும் கிடைக்காததே அன்றைய வழக்கமாக இருந்தது.

அவ்வழக்கம் இன்னும் முழுமையாக மாறவில்லை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்திய அளவில் அது இரண்டு விழுக்காட்டையும் எட்டவில்லை. மாநில அளவில் நாம் முன்னிலையில் இருக்கிறோம் என்பது உண்மை. பத்தில் ஒன்பது பெண்கள் விடுபட்டிருந்தார்கள் என்பதும் உண்மை. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, கன்னியாகுமரி, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீடுதேடி அழைப்பு விடுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியது. அவற்றில் ஈரோடு, காவிரிக்கு அக்கரையில் நாமக்கல் மாவட்டத்தின் அண்டை மாவட்டமே.

சிகிச்சையை முடிப்பது யாருடைய பொறுப்பு?

முற்றிய நிலையில் வந்தாலும் சிகிச்சைக்குப் பலன் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் மூன்றாம் கட்டக் கருப்பைவாய்ப் புற்றுநோயுடன் வந்த 850 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டுகளைக் கடந்தவர்கள் 46 விழுக்காடு. கதிர்வீச்சுடன் வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் பெற்றவர்களில் அது 54 விழுக்காடு. சிஸ்பிளாட்டின் பல்லாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள பழைய மருந்து. "முற்றிவிட்டது, இனிப் பயனில்லை" என்று ஊரார் சொல்லும் கட்டத்திலேயே பாதிப் பேர் பிழைக்க முடியும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

ஆனால் இச்சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வெளிக் கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம். அதன்பின் உட்கதிர்வீச்சு சில அமர்வுகள். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் நாட்கள் தவறினால் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். பிற புற்றுநோய்களிலும் தாமதத்தின் விலை அளக்கப்பட்டுள்ளது. 2020இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, அறுவைச் சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் மரண ஆபத்து 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது.

இதை ராசிபுரத்துப் பெண் தொழிலாளி ஒருவரின் நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். ராசிபுரத்திலிருந்து சேலம் 25 முதல் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கதிர்வீச்சு கிடைக்கும் ஊர் சேலமாயினும் ஈரோடாயினும் கோவையாயினும், ஐந்து வாரம் நாள்தோறும் போய்வர வேண்டும், அல்லது அங்கேயே தங்க வேண்டும். உடன் வருபவர் ஒருவர் தேவை. அதாவது, ஒரு வீட்டில் இரண்டு கூலிகள் இரண்டு மாதத்துக்கு நின்றுபோகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இது பெரும் பாதுகாப்பு. இதனால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். ஆயினும் இழந்த கூலியையும், உடன் வருபவரின் சாப்பாட்டையும், தங்கும் செலவையும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் பாட்டையும் அந்த அட்டை ஏற்பதில்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான் செல்லும். புறநகர்ப் பேருந்துகளில் செல்லாது.

இந்நிலையில் பன்னிரண்டாம் கதிர்வீச்சோடு ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டால் கோப்பில் "நோயாளி சிகிச்சையைத் தொடரவில்லை" என்று எழுதப்படும். அந்த வாக்கியத்தின் எழுவாய் நோயாளி. ஆனால் அவரை நிறுத்தியது கந்துவட்டியாகவோ, ஆலை மேலாளரின் "நாளை வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்" என்ற சொல்லாகவோ இருக்கலாம்.

பழக்கம் என்பது எவ்வளவு?

இதனால் பழக்கங்களுக்குப் பங்கில்லை என்று முடிவுகட்டுவது ஆபத்தானது. மெல்லும் புகையிலையும் மதுவும் கொட்டைப்பாக்கும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியுள்ளது. கொட்டைப்பாக்கு தனியாகவே, புகையிலை சேராமலே, புற்றை உண்டாக்கும் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. தாம்பூலம் நம் சடங்குகளோடு பிணைந்திருப்பதால் அதை நஞ்சென்று எண்ண மனம் ஒப்புவதில்லை.

நோய் வந்தபின் விட்டாலும் பலன் உண்டு. தொடக்கநிலை நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, 65 வயது நோயாளிகளில் தொடர்ந்து புகைத்தவர்களுக்கு ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 33 விழுக்காடு. புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு 70 விழுக்காடு. "இனி விட்டு என்ன ஆகப்போகிறது" என்ற சலிப்புக்கு இதுவே பதில். உடற்பயிற்சிக்கும் இப்போது வலுவான சான்று உள்ளது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டு வழிகாட்டலோடு பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டுகளைக் கடந்தவர்கள் 90 விழுக்காடு. அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83 விழுக்காடு.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, பயிற்சி உயிர் காத்தது அறுவைக்கும் கீமோதெரபிக்கும் பிறகுதான். அவற்றுக்குப் பதிலாக அல்ல. இரண்டாவது, "நன்றாக நடங்கள்" என்ற அறிவுரைத் தாள் மட்டும் பெற்றவர்கள் பின்தங்கினர். பழக்கத்தை மாற்றவும் துணை வேண்டும், மூன்றாண்டு காலம் உடனிருக்கும் அமைப்பு வேண்டும்.

நம் மக்களின் பழக்கங்கள் எங்கே உருவாகின்றன என்பதையும் கேட்க வேண்டும். சாக்கடைக்கும் குப்பைக்கும் நடுவே நாள் முழுதும் நிற்கும் தூய்மைப் பணியாளர், நாற்றத்தை மறக்கப் புகையிலையையும் மதுவையும் நாடுவதாகத் தம் வாயாலேயே சொல்கிறார். அந்த நாற்றத்தை அவருக்கு ஒதுக்கியது சாதி. மதுவைச் சில்லறையில் விற்பது 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக். தொழிலைச் சாதி திணிக்க, போதையை அரசு விற்க, விளைவை மட்டும் தனிமனிதரின் "தேர்வு" என்பது நியாயமாகாது. அதே வேளையில், இக்காரணங்களைச் சொல்லி நாம் புகையிலையைப் பொறுத்துக்கொள்வதும் நம் உயிரையே விலையாகக் கேட்கும். மது ஒழிப்பையும் புகையிலை ஒழிப்பையும் ஒழுக்கப் போதனையாக அன்றி, விடுதலை அரசியலின் பகுதியாகவே தலித் இயக்கங்கள் கையிலெடுக்க வேண்டும்.

பழக்கமுள்ளவர்களையும் காப்பாற்ற முடியும் என்பதைக் கேரளம் காட்டியது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று வாயைத் திறந்து பார்த்துப் பரிசோதித்தனர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் பழி இன்னும் கொடியது. அது "சுத்தமின்மையால்" அல்லது "நடத்தையால்" வருகிறது என்ற ஏச்சு தலித் பெண்கள் மீது எளிதில் விழுகிறது. அந்நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற மிகப் பரவலான வைரஸ். கணவனிடமிருந்தே மனைவிக்குத் தொற்றக்கூடியது. பெரும்பாலோருக்குத் தானே நீங்கிவிடுவது. இதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. இந்தியாவிலேயே தயாராகும் தடுப்பூசி 2023 முதல் கிடைக்கிறது. ஏச்சுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்க்கும் பெண், அந்த ஏச்சாலேயே கொல்லப்படுகிறார்.

மூலிகையை நம்பலாமா?

கொல்லிமலை அடிவாரத்து ஊர்களில் இக்கேள்வி தவிர்க்க முடியாதது. சித்த மருத்துவம் நமக்கு அந்நியமானதல்ல. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவராக வாழ்ந்தவர். நம் சுடுகாடுகளிலும் வேலியோரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின், 1960களிலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அடிப்படை மருந்துகளில் ஒன்று. ஆனால் அது அளவறிந்து, சுத்திகரித்து, பிற மருந்துகளோடு சேர்த்துத் தரப்படுவதால் குணமாக்குகிறது. இலையை அரைத்துக் குடித்தால் அந்த அளவும் கிடைக்காது, நஞ்சும் ஏறும்.

அமெரிக்காவில் 2018இல் வெளியான ஆய்வொன்று, குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடியவர்களின் மரண ஆபத்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று கண்டது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். வலியைத் தணிக்கவும் பசியைத் தூண்டவும் துணைமருத்துவம் தேடுவோர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பதிலாக அதை எடுப்பது, பிழைக்கும் மாதங்களைக் கைநழுவ விடுவதாகும்.

எண்ணப்படாத சாதி

இத்தனை எண்களுக்கு நடுவே நமக்கு வேண்டிய எண் மட்டும் இல்லை. சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் இயங்குகிறது. பதிவேடுகளின் அறிக்கைகள் நோயை உறுப்பு, வயது, பால், மாவட்டம் என்று பிரித்துத் தருகின்றன. ஒரு தலித் பெண்ணும் ஆதிக்கச் சாதிப் பெண்ணும் ஒரே மாவட்டத்தில் எந்தெந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்கு வருகின்றனர், யார் சிகிச்சையை முடிக்கின்றனர், யார் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர் என்பதை அவை சொல்வதில்லை.

வேறுபாடு இருக்கும் என்று நினைக்கக் காரணம் உண்டு. 2010–11 தரவுகளைக் கொண்டு ஒன்பது மாநிலங்களில் செய்யப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுட்காலம் மூன்றாண்டுகளுக்கு மேல் குறைவாக இருந்தது. பொருளாதார நிலை அந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை; ஆனால் வறுமை ஒழிந்தால் எல்லாம் சரியாகும் என்ற எளிய விளக்கத்துக்கு அது மறுப்பு. 2006இல் வெளிவந்த, 11 மாநிலங்களின் 565 கிராமங்களைப் பற்றிய தீண்டாமை ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்தது பதிவாகியுள்ளது. பரிசோதனை வீடுதேடி வரும் திட்டங்களில், எந்த வீட்டு வாசலோடு அது நின்றுவிடுகிறது என்பதை அளக்காமல் வெற்றியை அறிவிக்க முடியாது.

கோர வேண்டியவை, செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் நடைமுறைக்கு உரியவையே. காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், புற்றுநோய் போன்ற நோய்களால் வேலைக்குச் செல்ல இயலாத விவசாயத் தொழிலாளருக்குத் தற்காலிக இயலாமை உதவித்தொகை உண்டு. இவ்விரண்டையும் முன்மாதிரியாகக் கொண்டு, தறித் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அனைவருக்கும் சிகிச்சைக் காலம் முழுவதும் கூலி இழப்பீடு தர வேண்டும். கதிர்வீச்சு மையங்களின் அருகே கட்டணமில்லாத் தங்கும் விடுதிகள் வேண்டும். புற்றுநோய்ப் பதிவேட்டில் சாதிப் பிரிவும் சிகிச்சை முடிந்ததா என்ற விவரமும் இடம்பெற்று, பெயரின்றி வெளியிடப்பட வேண்டும்.

செயற்பாட்டாளர்களும் கல்லூரி மாணவர்களும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தம் குடியிருப்பில் 30 வயது கடந்த பெண்களின் பட்டியலை எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டாக அழைத்துச் செல்லலாம். தனியாகப் போகக் கூசும் பெண் ஐவரோடு சேர்ந்தால் போவார். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பில் வலியற்ற கட்டி, மாதவிடாய் நின்றபின் அல்லது உடலுறவுக்குப்பின் குருதிப்போக்கு ஆகியவை உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள் என்பதைத் தெருவெங்கும் சொல்லலாம். காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகளுக்கு, நோய் வருமுன்பே வருமானச் சான்றும் அட்டையும் எடுத்துத் தரலாம். ரயில்வே புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் தரும் கட்டணச் சலுகையைப் பெற்றுத் தரலாம். கதிர்வீச்சுக்குப் போகும் ஒருவருக்கு, ஐந்து வாரமும் நாளுக்கு ஒருவராக முறைவைத்து உடன் செல்லலாம். இருபத்தைந்து நாட்களுக்கு இருபத்தைந்து பேர் போதும்.